கணைய அழற்சி முற்றப்போகிறதா? முதல் 48 மணி நேரத்தில் ரத்தத்தில் எதை நம்புவது?

வடசென்னை_டூட்டி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் பக்கம் 40 படுக்கை உள்ள ஒரு மருத்துவமனைக்காக, திடீர் கணைய அழற்சிக்கு ஒரு பக்கத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேசுவால்ட்டி சுவரில் ஒட்டுவதற்கு. நோய் இதுதான் என்று சொல்வதில் குழப்பம் இல்லை. வலி, லைப்பேஸ் (கணையம் சுரக்கிற செரிமான என்சைம்) சாதாரண அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல், ஸ்கேன். மூன்றில் இரண்டு இருந்தால் போதும். குழப்பம் அதற்கப்புறம்தான். நாலாம் நாள் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் யார், மூன்றாம் நாள் மூச்சு வாங்கி வெண்டிலேட்டருக்குப் போகிறவர் யார் என்பது முதல் இரவில் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

எங்களிடம் இருப்பது: இரவு முழுக்க சி.பி.சி. (ரத்த அணு எண்ணிக்கை), யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, எலெக்ட்ரோலைட், கால்சியம், லைப்பேஸ் செய்யலாம். ஏ.பி.ஜி. (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் முதலிய வாயுக்களை அளப்பது) மெஷின் உண்டு. சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) காலையில் மட்டும். புரோகால்சிடோனின் (பாக்டீரியாத் தொற்றில் ஏறுவது), இன்டர்லூக்கின்-6 (அழற்சியைத் தூண்டும் புரதம்) வெளி லேப்புக்குப் போகும், முடிவு மறுநாள்தான் வரும். ஐ.சி.யு.வில் 4 படுக்கை, வெண்டிலேட்டர் ஒன்று, டயாலிசிஸ் கிடையாது.

என் சந்தேகங்கள்: லைப்பேஸை தினமும் திருப்பிப் பார்க்க வேண்டுமா? 3000 வந்தால் பயப்படணுமா? வந்தவுடனே சி.ஆர்.பி. அனுப்புவதில் பயன் உண்டா? வெளி லேப் தொகுப்பாகத் தருகிற விலை கூடிய டெஸ்ட்கள் தேவையா? எந்த எண்ணைப் பார்த்தால் ‘இனி இங்கே வைத்திருக்கக் கூடாது’ என்று முடிவெடுக்கலாம்?

குடல்_கன்சல்டன்ட்

லைப்பேஸை முதலில் முடித்துவிடுவோம் டாக்டர். அது நோயைச் சொல்லும், நோயின் கனத்தைச் சொல்லாது. 5000 வந்த பித்தக்கல் நோயாளி மூன்று நாளில் எழுந்து நடப்பார். 400 வந்த குடி நோயாளிக்குக் கணையத்தில் பாதி செத்துப்போயிருக்கலாம். நாள்பட்ட குடியால் ஏற்கெனவே நொந்துபோன கணையத்தில் வெளியே கொட்ட என்சைம் அவ்வளவாக மிஞ்சியிருக்காது. வலி தொடங்கிய நாலிலிருந்து எட்டு மணி நேரத்தில் லைப்பேஸ் ஏறும், சுமார் 24 மணி நேரத்தில் உச்சிக்குப் போகும், இறங்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே தினமும் பார்த்தால் ‘இறங்குகிறது, நல்லா ஆகுது’ என்ற பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும். தாளில் ‘லைப்பேஸை மறுமுறை அனுப்ப வேண்டாம்’ என்றே எழுதிவிடுங்கள். அந்தக் காசில் யூரியாவை நாலு தடவை பார்க்கலாம்.

உங்கள் கையில் இருப்பவற்றில் எனக்கு மிகவும் நம்பிக்கையானவை மூன்று: யூரியா, ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), கிரியாட்டினின். மூன்றும் மலிவு. உங்கள் லேப்பிலேயே ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். இவை மூன்றும் சொல்வது ஒரே கதையைத்தான். கணையம் வெந்து ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினால் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் போய்விடும். குழாய்க்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும், ஹீமடோக்ரிட் ஏறும். சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும், யூரியா ஏறும். அது நீடித்தால் கிரியாட்டினினும் ஏறும். கணையத்தின் நுண்குழாய்களிலும் இதே கெட்டி ரத்தம்தான் ஓட வேண்டும். ஓட முடியாத இடம் அழுகும்.

ஹீமடோக்ரிட், நம்மூர் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று அச்சாகும், வந்தபோது 44க்கு மேல் இருந்து 24 மணி நேரம் திரவம் ஏற்றியும் இறங்கவில்லை என்றால் கணையம் அழுகும் ஆபத்து கூடுதல். மாறாக, 44க்குக் கீழே இருந்து இன்னும் இறங்கினால் பெரும்பாலும் தப்பித்தார் என்று கொள்ளலாம். இந்த டெஸ்ட் ‘ஆபத்து’ என்று அடித்துச் சொல்வதைவிட ‘பயமில்லை’ என்று சொல்வதில்தான் கெட்டி. ஒரு எச்சரிக்கை மட்டும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு வழக்கமான பி.சி.வி. 31 ஆக இருக்கும். அவர் 39உடன் வந்தால் 44 தாண்டவில்லை என்று விட்டுவிடாதீர்கள், அவருக்கு அது கெட்டி ரத்தம். பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். பிரசவத்துக்குப் பார்த்த ஃபைல், சர்க்கரைக்குப் பார்த்த சீட்டு, எதுவானாலும் சரி.

யூரியாவில்தான் நம் ஊரில் பெரிய தப்பு நடக்கிறது. ஆய்வுகளிலும் ஸ்கோர்களிலும் வருவது பி.யு.என்., அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும். நம் லேப்கள் பலவும் கொடுப்பது முழு ‘பிளட் யூரியா’. பி.யு.என்.னை 2.14ஆல் பெருக்கினால் யூரியா. பைசாப் ஸ்கோரில் (நோயின் கனத்தைக் கணிக்கும் ஐந்து புள்ளிக் கணக்கு) பி.யு.என். 25க்கு மேல் என்று இருப்பதை, யூரியா 28 வந்த நோயாளிக்கு ஒரு புள்ளி என்று போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அவருடைய பி.யு.என். 13, சாதாரணம். உங்கள் தாளில் மாற்றியே எழுதிவிடுங்கள்: பி.யு.என். 20 என்றால் யூரியா 43, பி.யு.என். 25 என்றால் யூரியா 53 அல்லது 54, பி.யு.என். 5 ஏறுவது என்றால் யூரியா சுமார் 11 ஏறுவது. வந்தபோதே யூரியா 43ஐத் தொட்டிருந்தால் கவனம். அதைவிட முக்கியம், 24 மணி நேரத்தில் ஏறுகிறதா என்பது. வந்தபோது சாதாரணமாக இருந்து பிறகு ஏறினாலும் இறப்பு ஆபத்து கூடுகிறது என்று பெரிய அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துக் குடித்துச் சாப்பாடே இல்லாதவருக்கு யூரியா ஆரம்பத்தில் 14 என்றுகூட இருக்கும். அது 30 ஆனால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் அச்சாகும். தடித்த எழுத்தில் வராது. இரட்டிப்பானதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். ஆனால் முதல் 48 மணி நேரத்துக்குள் 1.8ஐத் தாண்டினால் கணையம் அழுகியிருக்க வாய்ப்பு அதிகம். தாண்டாவிட்டால் அழுகவில்லை என்று பொருள் இல்லை.

சி.ஆர்.பி. விஷயம். வந்தவுடன் அனுப்பாதீர்கள். கணையத்திலிருந்து இன்டர்லூக்கின்-6 கிளம்பி, அது கல்லீரலுக்குப் போய்ச் சொல்லி, கல்லீரல் சி.ஆர்.பி. செய்து ரத்தத்தில் விட வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் என்பதுதான் புழக்கத்தில் உள்ள எல்லை. 72 மணி நேர வாக்கில் உச்சம். இந்த 48ஐ வலி தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். நம்மூரில் மேல்வயிறு வலித்தால் முதலில் கேஸ் மாத்திரை, சோடா, அப்புறம் மெடிக்கல் ஷாப் ஊசி. ஒரு நாள் கழித்துத்தான் கேசுவால்ட்டிக்கு வருவார்கள். அப்படி வந்தவருக்கு அட்மிஷன் ஆன மறுநாள் காலையிலேயே சி.ஆர்.பி. அர்த்தமுள்ளதாக இருக்கும். இரண்டு மணி நேர வலியோடு வந்தவருக்கு 8 என்று வந்தால் அது எதையும் சொல்லவில்லை.

இன்டர்லூக்கின்-6 எல்லாவற்றுக்கும் முந்தி ஏறும், ஏறத்தாழ முதல் 24 மணி நேரத்திலேயே. கோவிட் காலத்துக்கப்புறம் சென்னையில் பல இடங்களில் செய்கிறார்கள். ஆனால் அதன் ஒரே பெருமை முந்திச் சொல்வது. முடிவு மறுநாள் மாலை உங்கள் கைக்கு வந்தால் அந்தப் பெருமை போய்விட்டது. அதற்குள் யூரியா ஏறியதோ இறங்கியதோ உங்களுக்கே தெரிந்திருக்கும். வேண்டாம்.

புரோகால்சிடோனினை முதல் நாள் கனம் அளக்க அனுப்ப வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது: காய்ச்சலும் வெள்ளை அணுவும் ஏறியிருக்கிறபோது ஆன்டிபயாடிக் தேவையா, இது வெறும் அழற்சியா என்று பிரித்துப் பார்க்க. 2022இல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில் 1 நானோகிராம் என்ற எல்லையை வைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பதை 63 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைத்தார்கள். தொற்றோ இறப்போ அதனால் கூடவில்லை. கணைய அழற்சி என்றதும் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிடுகிற பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம்.

ஐசியு_இரவுப்பணி

கன்சல்டன்ட் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரத்த மார்க்கர் எல்லாம் முன்னறிவிப்புதான். 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டில் ‘கடுமையான நோய்’ என்பதற்கு ஒரே அர்த்தம்: மூச்சு, ரத்த ஓட்டம், சிறுநீரகம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று 48 மணி நேரத்துக்கு மேலும் செயலிழந்திருப்பது. அழுகலோ நீர்க்கோர்வையோ இருந்து உறுப்பு நன்றாக இருந்தால் அது நடுத்தரம். எண்ணைத் துரத்திக்கொண்டு இதைத் தவற விடக் கூடாது.

உறுப்புச் செயலிழப்பை அளக்கும் மார்ஷல் ஸ்கோரில் ஓர் உறுப்புக்கு இரண்டு புள்ளி என்றால் செயலிழப்பு. கிரியாட்டினின் 1.9 ஆனால் இரண்டு. மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போய், திரவம் கொடுத்தும் ஏறாவிட்டால் இரண்டு. மூச்சுக்கு, ஏ.பி.ஜி.யில் வருகிற பி.ஏ.ஓ.2ஐ (தமனி ரத்த ஆக்சிஜன் அழுத்தம்) சுவாசிக்கிற காற்றின் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து 300 அல்லது அதற்குக் கீழே. இரவு இரண்டு மணிக்கு வகுத்துக்கொண்டிருக்க முடியாது. நேரடி எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள். அறைக் காற்றில் 63. மூக்குக் குழாயில் 2 லிட்டர் போனால் 75, 4 லிட்டர் போனால் 90. அந்த அளவோ அதற்குக் கீழோ வந்தால் நுரையீரல் அடிவாங்கிவிட்டது. 4 லிட்டர் ஆக்சிஜனில் ‘சாச்சுரேஷன் 96, நல்லாத்தான் இருக்கார்’ என்று விடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

இன்னொன்று, யூரியாவும் பி.சி.வி.யும் இறங்க வேண்டும் என்பதற்காகத் திரவத்தைக் கண்டபடி ஊற்றக் கூடாது. 2022இல் வந்த வாட்டர்ஃபால் ஆய்வில் கிலோவுக்கு 20 மி.லி. வேகமாகக் கொடுத்து, பிறகு மணிக்கு கிலோவுக்கு 3 மி.லி. ஓட்டியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் கூடிப்போனது. மிதமாகக் கொடுத்தவர்களில் 6.3 சதவீதம். நோய் முற்றுவதும் குறையவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஆகவே 60 கிலோ ஆளுக்கு ரிங்கர் லாக்டேட், நீர் வற்றியிருந்தால் முதல் இரண்டு மணி நேரத்தில் 600 மி.லி., பிறகு மணிக்கு 90 மி.லி. வற்றவில்லை என்றால் அந்த முதல் 600 வேண்டாம். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். நெஞ்சின் அடியில் கரகரப்புக் கேட்டால் குறைக்க வேண்டும். யூரியா ஏறுகிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, மூச்சு வேகம் கூடுகிறது என்றால் இன்னும் ஊற்றுவது பதில் இல்லை. நோயே முற்றுகிறது.

கால்சியம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தாளில் இருக்க வேண்டும். 8க்குக் கீழே என்பது 1974இல் ரான்சன் ஸ்கோர் (இந்த நோயின் கனத்தைக் கணிக்கும் பழைய கணக்கு) வந்த நாளிலிருந்து கெட்ட அறிகுறி. இந்த நோயில் ஆல்புமினும் சேர்ந்து விழும், அதனால் மொத்தக் கால்சியம் குறைந்ததாகத் தெரியும். ஆல்புமின் 4லிருந்து எவ்வளவு குறைகிறதோ அதை 0.8ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏ.பி.ஜி. மெஷின் இருக்கிறது; பெரும்பாலானவற்றில் அயனிக் கால்சியம் நேரடியாகவே வரும், அதை நம்புங்கள்.

பயோகெமிஸ்ட்ரி_மேசை

லேப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் சரியான ரத்தத்திலிருந்து வந்தால்தான் எண்கள்.

சி.ஆர்.பி. எந்த முறையில் செய்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள் டாக்டர். சின்ன லேப்களில் இன்னும் லேடெக்ஸ் ஸ்லைடுதான். சீரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கவைத்து, கடைசியாக எதில் கட்டி கட்டியாகத் திரிகிறதோ அதை 6ஆல் பெருக்குவார்கள். அப்படியானால் வரக்கூடிய விடைகள் 6, 12, 24, 48, 96, 192 இவ்வளவுதான். 150 என்ற எல்லை 96க்கும் 192க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஸ்லைடைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு படி தள்ளிப்போனாலே நோயாளி கட்சி மாறிவிடுவார். கலங்கலை ஒளியால் அளக்கும் டர்பிடிமெட்ரி மெஷினில் செய்த எண் வேண்டும். அதிலும் ‘எச்.எஸ்.-சி.ஆர்.பி.’ என்று சீட்டில் எழுதாதீர்கள். அது இதய நோய் ஆபத்தைக் கணிக்கச் சின்ன அளவுகளைத் துல்லியமாக அளப்பது. அலகையும் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு 160 என்று கொடுக்கும், இன்னொன்று அதையே டெசிலிட்டருக்கு 16 என்று கொடுக்கும். 16ஐப் பார்த்து ‘லேசுதான்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) ஆயிரத்தைத் தாண்டியதால் வருகிற கணைய அழற்சி தனி ஜாதி. குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே சீரம் பால் மாதிரி நிற்கும். அந்தக் கொழுப்பு பல டெஸ்ட்டைக் கெடுக்கும். அமைலேஸ் (கணையத்தின் இன்னொரு என்சைம்) பொய்யாக சாதாரணமாக வரலாம். நீர்த்துப் போட்டால்தான் உண்மை வெளியே வரும். சோடியம் பொய்யாக 124, 126 என்று இறங்கும். பெரிய அனலைசர்களில் சீரத்தை நீர்த்து அளப்பதால் வருகிற கோளாறு இது, ஏ.பி.ஜி. மெஷின் நீர்க்காமல் அளப்பதால் அதில் சோடியம் சரியாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினும் கலங்கலால் ஏறித் தெரியும். எம்.சி.எச்.சி. (சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் செறிவு) 37க்கு மேலே போனால் ஹீமோகுளோபினை நம்பாதீர்கள், பி.சி.வி.யைப் பாருங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், பட்டினி போட்டால் ட்ரைகிளிசரைடு வேகமாக இறங்கும். வந்தபோது எடுத்த முதல் குழாயிலேயே பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு ‘350தான், இதனால் வரவில்லை’ என்று எழுதினால் காரணம் தவறிப்போகும். அந்த நோயாளி ஆறு மாதத்தில் மறுபடி வருவார்.

கிரியாட்டினினை ஜாஃபே என்ற நிறமாற்ற முறையில் செய்கிற இடங்களில், மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தால் எண் குறைந்து காட்டலாம். சர்க்கரை ஏறிக் கீட்டோன் இருந்தால் கூடிக் காட்டும். பித்தக்கல் அடைத்து பிலிருபின் 12 இருக்கிறவருக்குக் கிரியாட்டினின் 0.6 வந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், யூரியாவையும் சிறுநீர் அளவையும் சேர்த்து வையுங்கள்.

எல்.டி.எச். (செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) உங்கள் பட்டியலில் இல்லை. இல்லாததே நல்லது. ஊசி மெலிசாக இருந்து, சிரிஞ்சை அழுத்தித் தள்ளினால் சிவப்பணு உடைந்து எல்.டி.எச். தானாக ஏறும். ரான்சனில் ஒரு புள்ளி சும்மா சேர்ந்துவிடும்.

ஸ்டாஃப்நர்ஸ்_தாம்பரம்

ரத்தம் எடுக்கிறது நாங்கதான், அதனால இதையும் தாளில் சேர்த்திருங்க சார்.

டிரிப் ஓடுற கையில எடுக்கவே கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் ஓடினா சர்க்கரை 500 வரும், மத்ததெல்லாம் நீர்த்துப்போய் பி.சி.வி. இறங்கின மாதிரி தெரியும். ‘திரவம் வேலை செய்யுது’ன்னு டாக்டர் நினைச்சுக்குவாங்க. வேற வழியே இல்லைன்னா டிரிப்பை நிறுத்தி ரெண்டு நிமிஷமாவது விட்டு, ஊசி இருக்கிற இடத்துக்குக் கீழே எடுக்கணும், முதல் 5 மி.லி.யைக் கொட்டிடணும்.

டோர்னிக்கேட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வச்சா பி.சி.வி.யும் கால்சியமும் ஏறும். இந்த நோயில முக்கியமான ரெண்டு எண்ணுமே கெட்டுப்போகும்.

மஞ்சள் மூடிக் குழாய் முதல்ல, பர்ப்பிள் அப்புறம், கிரே கடைசி. மஞ்சள்ல ரத்தம் பத்தலைன்னு பர்ப்பிள்ல இருந்து ஊத்தினா அதிலிருக்கிற மருந்து கால்சியத்தைப் பிடிச்சுக்கும், பொட்டாசியத்தைச் சேர்த்துவிடும். கால்சியம் 5, பொட்டாசியம் 9ன்னு வந்து, ஆளு சாதாரணமா பேசிட்டிருந்தா கால்சியம் குளுக்கோனேட்டைத் தேடி ஓடாம மறுபடி எடுத்து அனுப்புங்க.

அட்மிஷன் எத்தனை மணிக்கு நடந்தாலும் ‘மார்னிங் சாம்பிள்’னு காலை ஆறு மணிக்குத்தான் அடுத்த ரத்தம் எடுப்பாங்க. ராத்திரி பதினொண்ணுக்கு வந்தவருக்கு அது ஏழாவது மணி நேரம். அடுத்தது மறுநாள் ஆறு மணி, முப்பத்தோராவது மணி நேரம். நீங்க சொல்ற 12, 24 எதுவுமே அமையாது. குழாயிலேயே ‘வலி தொடங்கி 18 மணி’, ‘34 மணி’ன்னு மார்க்கரில் எழுதிட்டா யாரும் குழம்ப மாட்டாங்க.

வடசென்னை_டூட்டி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேர விஷயம் எங்களிடமும் இப்படித்தான் நடக்கிறது; சிஸ்டர் சொன்னது அப்படியே தாளில் ஏறுகிறது. தாளைச் சோதித்துப் பார்க்க இரண்டு கற்பனைக் கேஸ் போட்டிருக்கிறேன், சரியாகப் படிக்கிறேனா சொல்லுங்கள்.

அ: 38 வயதுப் பெண், பித்தக்கல். லைப்பேஸ் 4200. நாடி 84, மூச்சு 18, வயிறு மிருதுவாக இருக்கிறது. பி.சி.வி. 37, யூரியா 22, கிரியாட்டினின் 0.7. 24 மணி நேரத்தில் யூரியா 17.

ஆ: 42 வயது ஆண், குடி. வலி தொடங்கி 10 மணி நேரம். லைப்பேஸ் 640. நாடி 112, மூச்சு 24, வெள்ளை அணு 14,200. பி.சி.வி. 48, யூரியா 38, கிரியாட்டினின் 1.1. 24 மணி நேரம் கழித்து: யூரியா 56, பி.சி.வி. 47, கிரியாட்டினின் 1.5, மூச்சு 28, நாடி 118, கால்சியம் 7.6, ஆல்புமின் 3, எக்ஸ்ரேயில் இடது பக்கம் நெஞ்சில் நீர், சிறுநீர் மணிக்கு 25 மி.லி.

குடல்_கன்சல்டன்ட்

அ கேஸுக்கு ஹாப்ஸ் என்ற எளிய கணக்கு போதும். வயிறு இறுகவில்லை, அழுத்தி எடுத்தால் சுளீரென்று வலி இல்லை, கிரியாட்டினின் 2க்குள், பி.சி.வி. ஆணுக்கு 43க்குள், பெண்ணுக்கு 39.6க்குள். எல்லாம் சரியாக இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக லேசாகப் போகும். அந்தப் பெண்ணை வார்டில் வையுங்கள், பசித்தால் சாப்பிடக் கொடுங்கள், அதே அட்மிஷனில் பித்தப்பை எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். லைப்பேஸ் 4200 என்று வீட்டார் பதறுவார்கள். அந்த எண் நோயின் பெயரை மட்டும்தான் சொல்கிறது என்று அவர்களிடம் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

ஆ கேஸ் எனக்குக் கவலை. வந்தபோது பைசாப் கணக்கு: யூரியா 38 என்றால் பி.யு.என். 18தான், புள்ளி இல்லை. அழற்சி அறிகுறிகளில் நாடி, மூச்சு, வெள்ளை அணு மூன்றும் கூடுதல், ஒரு புள்ளி. வயது 60க்குள், நினைவு தெளிவு, நெஞ்சில் நீர் இல்லை. மொத்தம் 1. இதை மட்டும் பார்த்தால் தூங்கப் போய்விடலாம். ஆனால் பி.சி.வி. 48 அப்போதே எச்சரித்துவிட்டது. 24 மணி நேரத்தில் யூரியா 18 ஏறியது, பி.யு.என். கணக்கில் 8 ஏற்றம், மொத்தம் 26. பி.சி.வி. ஒரே ஒரு புள்ளிதான் இறங்கியிருக்கிறது. நெஞ்சில் நீர் வந்துவிட்டது. பைசாப் இப்போது 3. கால்சியத்தைத் திருத்தினால் 8.4, அது தனியாகப் பயமுறுத்தவில்லை, ஆனால் ஆல்புமின் 3க்கு விழுந்திருப்பதே குழாய் கசிகிறது என்பதற்குச் சாட்சி. சிறுநீர் 25 மி.லி. என்பது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு வேண்டிய 30ஐத் தொடவில்லை. டயாலிசிஸ் இல்லாத இடத்தில் இவரை வைத்திருக்கக் கூடாது. கிரியாட்டினின் 1.9 ஆகட்டும் என்று காத்திருக்காமல், 1.5 ஆக இருக்கும்போதே அனுப்புங்கள்.

ராயபுரத்திலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், சென்ட்ரல் எதிரே ஜி.எச்.; இரண்டிலும் இரைப்பைக் குடல் அறுவைத் துறை இருக்கிறது. தூரம் உங்களுக்குத் தடை இல்லை, தாமதம்தான் தடை. நாடி 118உம் மூச்சு 28உம் இருக்கும்போது ஆம்புலன்சில் படுக்க வைப்பதும், மூச்சு 40 ஆனபிறகு டியூப் போட்டு ஏற்றுவதும் ஒன்றல்ல.

ஐசியு_இரவுப்பணி

அனுப்புகிற கடிதத்தில் ‘அக்யூட் பேன்க்ரியாட்டைட்டிஸ், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி மட்டும் எழுதினால் வாங்குகிறவர்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். வலி தொடங்கிய தேதி, மணி. ஒவ்வொரு யூரியா, பி.சி.வி., கிரியாட்டினினுக்கும் எடுத்த மணி. இதுவரை உள்ளே போன திரவம் எத்தனை மி.லி., வெளியே வந்த சிறுநீர் எத்தனை. ஆக்சிஜன் எத்தனை லிட்டரில் அந்த ஏ.பி.ஜி. எடுக்கப்பட்டது. ட்ரைகிளிசரைடு முதல் நாள் மதிப்பு. இவ்வளவு இருந்தால் போதும். முதல் 72 மணி நேரத்தில் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்து அனுப்ப வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், நோய் உறுதியாகியிருந்தால் அழுகல் அப்போது சரியாகத் தெரியாது. ஏறுகிற கிரியாட்டினினுக்கும் அது நல்லதில்லை.

வடசென்னை_டூட்டி

கடைசியாக இரண்டு சந்தேகம். மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 180, ஆனால் ஆள் நன்றாகச் சாப்பிடுகிறார், உறுப்பெல்லாம் சரி என்றால் அனுப்ப வேண்டுமா? ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் கல்லீரல் சுருங்கியவருக்கும் இந்த எல்லைகளை எப்படி வைப்பது?

குடல்_கன்சல்டன்ட்

180ஐ வைத்து மட்டும் அனுப்ப வேண்டாம். ஆனால் நாலாம் நாளே டிஸ்சார்ஜ் போட்டுவிடவும் வேண்டாம். கணையத்தைச் சுற்றி நீர் கோர்த்திருக்கவோ ஒரு ஓரம் அழுகியிருக்கவோ வாய்ப்பு உண்டு. அப்படி உள்ளவருக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்குப் பிறகு சி.டி. எடுத்தால் படம் தெளிவாக வரும். பித்தக் குழாய்த் தொற்று, நிமோனியா இரண்டும் சி.ஆர்.பி.யை ஏற்றும் என்பதால் பிலிருபினையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் பார்த்துவிடுங்கள். எண் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டு வந்தால் போதும், தினமும் அனுப்ப வேண்டியதில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு யூரியா, கிரியாட்டினின் எல்லைகள் செல்லாது. பழைய மதிப்பிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் பாருங்கள். பி.சி.வி., மூச்சு வேகம், ஏ.பி.ஜி.க்கு அவரிடம் கூடுதல் எடை கொடுங்கள். மார்ஷல் ஸ்கோரிலும் பழைய கோளாறு இருந்தால் அந்த உறுப்பு எவ்வளவு மோசமானது என்றுதான் கணக்கு. கல்லீரல் சுருங்கியவருக்கு சி.ஆர்.பி. செய்கிற தொழிற்சாலையே பழுது. 90 என்று வந்தாலும் அவருக்கு அது பெரிய எண்ணாக இருக்கலாம். யூரியாவும் அந்தக் கல்லீரலிலிருந்துதான் உருவாக வேண்டும், அதுவும் குறைவாகவே ஓடும். அவரிடம் ஹீமடோக்ரிட்டும் குறைந்தே இருக்கும். ஆகவே எண்களைவிட நாடி, மூச்சு, சிறுநீர், நினைவு இந்த நாலையும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்.

பயோகெமிஸ்ட்ரி_மேசை

தாளின் அமைப்புக்கு ஒரு யோசனை. டெஸ்ட் பெயர்களை முதல் பத்தியில் போட்டு, எல்லைகளை இரண்டாம் பத்தியில் போடுவதுதான் வழக்கம். அப்படிப் போடாமல், மேலே குறுக்கே ‘வந்தபோது, 12, 24, 48’ என்று நாலு கட்டம் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் வலி தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுத ஒரு வெற்றிடம் விடுங்கள். யூரியா வரிசையில் நாலு கட்டமும் திறந்திருக்கட்டும். லைப்பேஸ், ட்ரைகிளிசரைடு வரிசையில் முதல் கட்டத்தைத் தவிர மற்றதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். சி.ஆர்.பி. வரிசையில் வலி தொடங்கி 48 மணி ஆகாத கட்டத்தை எல்லாம் அடித்துவிடுங்கள், நடுராத்திரி புது டூட்டி டாக்டர் வந்தாலும் எதை அனுப்பக் கூடாது என்பது கண்ணில் படும்.